உலோகத்தின் ஒளியும் மாசும்
(சப்பிரகமுவத் தோட்டங்களை முன்னிட்ட ஓர் ஆராய்வு)

இல்லத்திற் புழங்கும் கலங்களைத் துலக்கி ஒளிபெறச் செய்தல் நம்மவரின் இல்லற ஒழுக்கங்களுள் ஒன்றாகத் தொன்றுதொட்டுப் போற்றப்பட்டு வருவது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்தலும், தைப்பொங்கலுக்கு முன்னாளிற் குடம், அண்டா, செம்பு முதலியவற்றை முற்றத்தில் நிரையாக வைத்து மினுக்குதலும் யாவரும் அறிந்தனவே. ‘விளக்கு’ என்னும் சொல் தீபத்தையும், கலத்தைத் துலக்குதலையும், ஒரு பொருளைத் தெளிவுறுத்தலையும் ஒருங்கே குறிப்பது கருதத்தக்கது. மறைந்து கிடப்பதை வெளிப்படுத்துதலே இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு. உலோகத்தின் ஒளியும் புறத்தேயிருந்து ஏற்றப்படுவதன்று. மேலே படிந்த மாசு நீங்கியவிடத்து அது தானே தோன்றுகின்றது. ஆயினும் அம்மாசினை நீக்கும் வழிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சில வழிகள் மாசோடு உலோகத்தையும் கொண்டுபோய்விடுகின்றன. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை ஆராய்தற்குச் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள் மிகவும் ஏற்ற களமாகும். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம் இலங்கையின் ஈரவலயத்தில் அமைந்துள்ளது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்கின்றது. யாழ்ப்பாணம் பெறும் மழை ஏறக்குறைய அதன் மூன்றிலொரு பங்கேயாம். இம்மலைச்சாரல்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்து கோப்பி, தேயிலை, இறப்பர் ஆகியவற்றின் தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளர் பெரும்பொருள் எதனையும் உடன் கொணர்ந்தாரல்லர். பெண்ணுக்குச் சீராக வந்த பித்தளைக் குடமும் செம்பும் விளக்குமே பல குடும்பங்களின் முதுசொம்மாக நின்றன. லயன் அறையின் ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருந்த அக்கலங்கள் மங்கல நாளில் அழகுக்கும், நெருக்கடி வந்துழி அடகுக்கும் உதவின. அவற்றின் கழுத்திற் பொறிக்கப்பட்ட பெயர் பாட்டியின் பெயராகவோ முப்பாட்டியின் பெயராகவோ இருத்தல் கூடும். ஓயாது தேய்த்துத் தேய்த்து அப்பெயரே மறைந்துபோன குடங்களும் உள. ஆகவே, துலக்கும் முறை எது என்னும் வினா அழகினை மட்டும் பற்றியதன்று. ஒரு குடும்பத்தின் உடைமையையும் நினைவையும் பற்றியதுமாம்.

ஒளியின் இயல்பு

உலோகம் ஏன் ஒளிர்கின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். உலோகங்களில் இலத்திரன்களுட் சில எந்த அணுவுக்கும் உரியனவாகக் கட்டுண்டு நில்லாமல் எங்கும் இயங்கித் திரிகின்றன. மேற்பரப்பில் விழும் ஒளியலைகள் இவ்விலத்திரன்களை அசைக்க, அவை அவ்வொளியைத் திருப்பி அனுப்புகின்றன. வெள்ளியும் அலுமினியமும் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்புவதனால் வெண்மையாகத் தோன்றுகின்றன. செம்பு நீல ஒளியின் ஒரு பகுதியை உட்கொள்வதனாற் சிவந்து தோன்றுகின்றது.

எனினும் இலத்திரன் மட்டும் போதாது; பரப்புஞ் செம்மையாக இருத்தல் வேண்டும். கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்கிரோமீற்றர் வரையானது. மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு. பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் இவ்வலைநீளத்தினும் மிகச் சிறியனவாயின் ஒளி ஒழுங்காகத் திரும்பி முகங் காட்டும். பெரியனவாயின் நாற்றிசையும் சிதறி மங்கலாகும். 1668 ஆம் ஆண்டளவில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆடி செய்து தொலைநோக்கி அமைத்த நியூற்றன், மெருகிடுதலின் உண்மையைத் தமது ஒளியியல் நூலில் விளக்கினார். மெருகுப்பொடி கீறல்களை முற்றாக ஒழிப்பதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அளவு நுண்ணியனவாக்குகின்றது என்பது அவர் கருத்து. கேரளத்து ஆறன்முளையில் இன்றும் வார்க்கப்படும் உலோகக் கண்ணாடி, பொறுமையுடன் மெருகிடின் வெண்கலமும் முகங்காட்டும் என்பதற்குச் சான்றாகும்.

கீறல் நுண்ணியதாதலும் பருமனாதலும் தேய்க்கும் பொருளின் கடினத்தையும் துகளின் அளவையும் பொறுத்தன. இரத்தின வணிகத்தாற் பெயர்பெற்ற இரத்தினபுரியில் வாழ்வோர்க்கு இக்கடினம் புதியதொரு செய்தியன்று. 1812 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் பிரடெரிக் மோஸ் வகுத்த பத்துப் படிகளில் வைரம் பத்தாவது. நீலமும் மாணிக்கமுமாகிய குருந்தக்கல் ஒன்பதாவது. களுகங்கை மணலின் பெரும்பகுதியாகிய படிகக்கல் ஏழாவது. செம்பு, வெள்ளி, அலுமினியம் ஆகியவை மூன்றாம் படியை அண்டியவை. பித்தளை மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்டது. ஏழாம் படியிலுள்ள மணல் மூன்றாம் படியிலுள்ள வெள்ளியை உழுதுவிடும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆற்றங்கரையில் மணலிட்டுத் தேய்த்த செம்பு அப்பொழுது பளிச்சிடினும், அதன் உடல் முழுவதும் வரிவரியாகக் கீறுண்டிருக்கும். அக்கீறல்களே மறுமுறை அழுக்கும் ஈரமும் தங்குமிடமாகின்றன.

சாம்பலுக்கும் இவ்விதியே பொருந்தும். இறப்பர் மரத்தின் விறகு எரிந்த சாம்பலில் மிகுதியாயுள்ளது சுண்ணாம்புக் காபனேற்று; அது செம்பையொத்த மென்மையுடையது. அத்துடன் பொற்றாசியங் காபனேற்றும் உண்டு. அது நீரிற் கரைந்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்கின்றது. ஆதலின் துணியில் நன்கு சலித்தெடுத்த விறகுச் சாம்பல் தீங்கற்றதொரு துலக்குபொடியாகும். உமிச்சாம்பலோ பெரும்பாலும் சிலிக்கா என்னும் மணற்பொருளே. செங்கற்பொடியிலும் மணல் உண்டு. ‘சாம்பல்’ என்னும் ஒரே பெயரால் வழங்கினும் இவை செய்யும் வேலை வெவ்வேறாகும்.

மாசின் பிறப்பு

இனி மாசு எங்ஙனம் பிறக்கின்றது எனக் காண்போம். பொன்னையொழிந்த பெரும்பாலான உலோகங்கள் மண்ணிலே ஒட்சிசனோடோ கந்தகத்தோடோ கூடிய கனிப்பொருள்களாகவே கிடைக்கின்றன. மனிதன் தீயின் வலியாற் பிரித்தெடுத்த உலோகம் மீண்டும் தன் பழைய நிலையை அடைய விழைகின்றது. மாசு என்பது அம்மீட்சியின் முதற்படியேயாம்.

செம்பும், செம்போடு துத்தநாகங் கலந்த பித்தளையும் முதலிற் செந்நிற ஒட்சைட்டையும், பின் கரிய படலத்தையும் பெறுகின்றன. ஈரமும் காபனீரொட்சைட்டும் கூடியவிடத்துப் பச்சைக் காபனேற்றுத் தோன்றுகின்றது. புளிப்பான உணவோ நாட்பட்ட எண்ணெயோ தங்குமிடத்தில் வேறு பச்சை உப்புகள் உண்டாகின்றன. இவற்றையெல்லாம் நம் முன்னோர் களிம்பு என்னும் ஒரு சொல்லால் வழங்கினர். சைவ சித்தாந்த நூலார் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுவர். செம்பு உள்ள இடமெல்லாம் களிம்பு தொடர்வதைக் கண்கூடாகக் கண்ட மக்களுக்கே அவ்வுவமை பொருள் நிறைந்ததாயிருந்திருக்கும்.

வெள்ளியின் மாசு ஒட்சிசனால் வருவதன்று, கந்தகத்தால் வருவது. காற்றிற் சிறிதளவேயுள்ள ஐதரசன் சல்பைட்டும் வெள்ளியை முதலில் மஞ்சளாகவும், பின் பழுப்பாகவும், இறுதியிற் கருமையாகவும் மாற்றவல்லது. அலுமினியத்தின் நிலை வேறு. காற்றுப்பட்ட கணத்திலேயே அதன்மீது சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலம் உண்டாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கின்றது. இரும்பின் துருவோ இறுகப் பற்றிநில்லாது உதிர்ந்து, புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டேயிருக்கும். ஆகவே மாசுகளுள்ளும் அழிப்பது உண்டு, காப்பதும் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாது எல்லாவற்றையும் சுரண்டுதல் பேதைமையாம்.

தோட்டத்துச் சூழல்

சப்பிரகமுவத் தோட்டங்களில் மாசு விரைந்து பெருகுதற்குத் தனிக் காரணங்கள் உள. முதலாவது ஈரம். காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 60 விழுக்காட்டைக் கடந்தபின் உலோகத்தின் மேல் கட்புலனாகா நீர்ப்படலம் படிந்து, அரிப்பு மிக விரைவு பெறும். ஈரவலயத்து மலைச்சாரலில் அந்த எல்லைக்குக் கீழே காற்று உலர்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. இரண்டாவது விறகுப்புகை. ஒரே கூரையின்கீழ் அடுப்பும் இருப்பிடமும் அமைந்த லயன் அறைகளிற் புகையோடு வரும் அமில ஆவிகளும் கரியும் கலங்களின்மீது நாள்தோறும் படிந்தன.

மூன்றாவது காரணம் இறப்பர்த் தொழிலைச் சார்ந்தது. இறப்பர் மரத்தின் தளிர்களைத் தாக்கும் சாம்பல் நோயைத் தடுக்கக் கந்தகப்பொடி தூவும் வழக்கம் இலங்கைத் தோட்டங்களில் உண்டு. கந்தகம் வெள்ளிக்கும் செம்புக்கும் இயல்பான பகை. கடையில் வாங்கும் இறப்பர் வளையத்திலுங்கூடக் கந்தகம் ஊட்டப்பட்டிருத்தலால், அதனாற் கட்டிவைத்த வெள்ளிக் கரண்டி கட்டிய இடத்திலே கறுத்துப்போவதைக் காணலாம். வியப்பு யாதெனில், செம்பும் இறப்பருக்குத் தீங்கு செய்வதே. இறப்பர்ப் பாலிற் செம்போ மங்கனீசோ மிகச் சிறிதளவு கலந்தாலும், உலர்ந்த இறப்பர் விரைவிற் பழுதுற்றுப் பிசுபிசுத்துவிடும். இதனாலேயே இறப்பர்த் தொழிற்சாலைகளிற் பால் படுமிடங்களிற் செம்பு, பித்தளைக் கலங்களைத் தவிர்த்து அலுமினியம் முதலியவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

இறப்பர்ப் பாலை உறையச் செய்தற்குப் பயன்படும் போமிக்கமிலம் தோட்டப்புறங்களில் எளிதிற் கைக்கெட்டுவது. நீர் பெய்து தணிக்கப்படாத அவ்வமிலம் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். ஆவியும் நுரையீரலுக்குத் தீதாம். பித்தளையின் மாசை அது விரைவிற் போக்குமென்பது உண்மையே. ஆயினும் புளியும் எலுமிச்சையும் செய்யவல்ல வேலைக்கு அதனை நாடுதல் அறிவுடைமையன்று.

மூவகை வழிகள்

துலக்கும் வழிகளைத் தேய்த்தல், கரைத்தல், மீட்டல் என மூன்றாக வகுக்கலாம்.

தேய்த்தலின் இயல்பை மேலே கண்டோம். அது மாசையும் உலோகத்தையும் ஒருங்கே நீக்குவது. எனவே அதனை இறுதியிலும், இயன்றவரை மென்மையான பொடி கொண்டுமே செய்தல் வேண்டும்.

கரைத்தல் அமிலத்தின் தொழில். புளியில் தாத்தாரிக் அமிலமும், எலுமிச்சையிற் சித்திரிக் அமிலமும் உள. சப்பிரகமுவப் பகுதியிற் சமையலுக்கு வழங்கும் கொறுக்காய்ப்புளியிற் சித்திரிக் அமிலத்துக்கு உறவான அமிலமொன்று உண்டு. பிலிம்பிக்காயில் ஒட்சாலிக் அமிலம் மிகுதி. துரு நீக்குதற்கு அது மிகவும் ஏற்றது. இவ்வமிலங்கள் செம்பின் ஒட்சைட்டையும் காபனேற்றையும் கரைக்கின்றன; கீழிருக்கும் செம்பை உடனே தாக்குவதில்லை. சிறிது உப்புச் சேர்ப்பின் கரைதல் விரைவுபெறும். ஆயின் காலவரை கடக்கலாகாது. புளிபூசிய பித்தளையை நெடுநேரம் அவ்வாறே விட்டுவிடின் துத்தநாகம் முந்திக் கரைந்து, பரப்பிற் செம்பு மிகுந்து, கலம் இளஞ்சிவப்பாகத் தோன்றும். அது ஒளியன்று, நோய். சில நிமிடங்களுக்குள் நன்னீராற் கழுவி, எஞ்சிய புளிப்புப் போகச் சலித்த சாம்பலாலோ சவர்க்காரத்தாலோ ஒருமுறை துடைத்து, மீண்டும் கழுவி, உலர்ந்த துணியால் ஈரமற ஒற்றியெடுத்தல் வேண்டும். துலக்கிய கலம் மறுநாளே மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இவ்வீற்றுச் செயலிற் காட்டும் சோம்பலேயாம்.

துலக்கியபின் தேங்காயெண்ணெய் தடவுவோரும் உளர். எண்ணெய் சில நாள் காற்றைத் தடுக்கும். பின்னர் அதிலுள்ள கொழுப்பமிலங்கள் செம்போடு கூடிப் பச்சைக் களிம்பாகும். குத்துவிளக்கின் தகழியில் எண்ணெய் நின்ற வட்டம் பசுமையாவது இதனாலேதான். தேன்மெழுகை மிக மெல்லியதாகப் பூசித் துணியால் துடைத்தல் அதனினும் நன்று. தகழியை வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு எண்ணெயறக் கழுவியபின்பே புளியிடல் வேண்டும். எண்ணெய்ப்படலத்தின்மீது புளி வேலை செய்யாது.

இருபதாம் நூற்றாண்டிற் பரவிய பிராசோ போன்ற மெருகுநீர்கள் நுண்பொடியையும், அம்மோனியாவையும், எண்ணெய்ப்பிசுக்கைக் கரைக்கும் திரவத்தையும் ஒன்றாகக் கொண்டவையாக அமைந்தன. அம்மோனியா செம்பின் மாசை எளிதிற் கரைக்கும். ஆயினும் அதனிடம் ஒரு தீங்கு உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் இந்தியாவிற் குதிரை இலாயங்களை அடுத்துச் சேமிக்கப்பட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைப்பருவத்தில் தாமே வெடிப்புற்றன. பருவந்தோறும் நேர்ந்தமையால் அது பருவவெடிப்பு எனப் பெயர்பெற்றது. 1921 ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல் முதலிய ஆய்வாளர் அதன் காரணத்தை வெளிப்படுத்தினர். அடித்தும் அழுத்தியும் உருவாக்கப்பட்டமையால் உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையை, ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா பிளந்துவிடுகின்றது. தகட்டிலிருந்து அடித்துச் செய்த குடங்களுக்கும் இவ்வபாயம் உண்டு. ஆதலின் இத்தகைய மெருகுநீர் மடிப்பிலும் பொருத்திலும் தங்காதவாறு முற்றத் துடைத்தலும், மாட்டுக்கொட்டிலை அடுத்துப் பித்தளைக் கலங்களை வைக்காமையும் நன்று.

மூன்றாவது வழியாகிய மீட்டல் எல்லாவற்றினும் சிறந்தது. கறுத்த வெள்ளிக் கலத்தைத் தேய்க்குங்கால் வெள்ளிச் சல்பைட்டாக மாறிய வெள்ளி முழுவதும் துணியோடு போய்விடுகின்றது. அதற்கு மாறாக, ஒரு தட்டில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் வெள்ளிக்கலம் தொட்டுக்கொண்டிருக்குமாறு வைத்து, அப்பச்சோடா கரைத்த கொதிநீரை ஊற்றினால், அலுமினியம் கந்தகத்தைத் தன்பால் ஏற்க, வெள்ளி மீண்டும் வெள்ளியாகிக் கலத்திலேயே நிற்கும். அழுகிய முட்டை மணம் சிறிது எழுதல் கந்தகம் வெளியேறுவதற்கு அடையாளம். இம்முறையில் உலோகம் பெரும்பாலும் இழக்கப்படுவதில்லை. கல் பதித்த நகைகளுக்கும், வேண்டுமென்றே கருமையூட்டிய சித்திர வேலைக்கும் இது பொருந்தாது.

உட்புறம் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். புளிச்சுவையுள்ள உணவைப் பித்தளையிற் சமைத்தால் செம்பின் உப்புகள் உணவிற் கலந்து வாந்தியும் வயிற்றுநோயும் தரும். இதனைத் தடுக்கவே நவச்சாரம் தூவிச் சூடேற்றி உட்புறத்தில் ஈயம் பூசினர். அவ்வீயம் தூய வெள்ளீயமாக இருத்தல் வேண்டும். காரீயங் கலந்ததாயின் களிம்பினும் கொடிய நஞ்சாம். ஈயம் பூசிய உட்புறத்தை மணலிட்டுத் தேய்ப்பது காவலைத் தாமே அகற்றுதலை ஒக்கும்.

வாகனங்களும் புதிய உலோகங்களும்

தோட்டத்து வாகனங்களின் உலோகம் வேறு அறிவை வேண்டுகின்றது. பழைய மோட்டார் வாகனங்களின் முன்தாங்கிகளில் மின்னுவது பெரும்பாலும் குரோமியம். உருக்கின்மேல் நிக்கலும் அதன்மேல் குரோமியமும் மின்முறையாற் படியவைக்கப்பட்டுள்ளன. குரோமியம் மிகக் கடினமானதாயினும் அப்படலத்தின் தடிப்பு ஒரு மைக்கிரோமீற்றரிலும் குறைவு. அதில் தோன்றும் செம்புள்ளிகள் நுண்துளைகளின் வழியே அடியிலிருந்து எழும் துருவாகும். உருக்குக் கம்பிச்சுருளால் அழுத்தித் தேய்த்தால் துளை பெருகும். மென்மையான அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெல்லத் தேய்த்துத் துருவை அகற்றி, உலரவிட்டு, மெழுகு பூசித் துளைகளை அடைத்தலே தக்கது.

மலைப்பாதைகளிற் பெயர்பெற்ற லாண்ட் ரோவர் 1948 ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டினால் அதன் உடற்றகடுகள் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்டன. அத்தகடு துருவேறாது என்பது மெய். எனினும் அலுமினியம் உருக்கைத் தொடுமிடத்தில் மழைநீர் தங்கினால், இரண்டும் மின்கலம்போற் செயற்பட்டு அலுமினியம் வெண்பொடியாக உதிரும். மேற்பரப்பின் மினுக்கினும் பொருத்துகளை உலர வைத்தலே அங்கு முதன்மையான பணி. சலவைச்சோடா போன்ற காரங்கள் அலுமினியத்தின் காவற்படலத்தையே கரைத்தலால், வாகனத்துக்கும் சமையற் பாத்திரத்துக்கும் அவை ஆகா.

1913 ஆம் ஆண்டில் செபீல்டு நகரில் ஹரி பிரியர்லி உருவாக்கிய கறைபடா உருக்கின் வழிவந்ததே இன்று எவர்சில்வர் என வீடுதோறும் வழங்குவது. அதனைக் காப்பதும் குரோமியத்தின் ஒட்சைட்டுப் படலமே. இரும்புக் கம்பிச்சுருளால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள்கள் துருவேறிக் கறைபோலத் தோன்றும்.

வெறும் இரும்பை ஈரவலயத்தில் வெண்மையாக வைத்திருத்தல் இயலாத காரியம். அதற்கு ஒளியினும் நல்லதொரு போர்வையே வேண்டும். கேகாலை மாவட்டத்துப் பொகலச் சுரங்கத்திற் கிடைப்பது போன்ற பென்சிற்கரி, மேனாடுகளில் அடுப்பிரும்புக்குக் கருமெருகாகவும், பித்தளை உருக்கும் மூசை செய்தற்கும் பயன்பட்டது. தேயிலையிலுள்ள தனின் வகைப் பொருள் துருவோடு கூடி இறுகிய கரிய சேர்வையாவதும் இத்தகையதே.

துலக்கலாகாதன

எல்லா மாசும் நீக்கத்தக்கதன்று. பொலநறுவையின் சிவாலயங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வெண்கலத் திருவுருவங்களைக் கண்டோர், அவற்றின் மேனியிற் படர்ந்த கரும்பசுமையையும் கண்டிருப்பர். பல நூற்றாண்டுகளாக உருவாகிய உறுதியான அப்படலம் உள்ளிருக்கும் உலோகத்துக்கு அரணாகவும், தொன்மைக்குச் சான்றாகவும் நிற்கின்றது. அதனைத் துலக்கினால் நுண்ணிய அணி வேலைப்பாடும் உடன் அழியும். பழங்காசு, எழுத்துப் பொறித்த செப்பேடு, பொன்முலாம் பூசிய பொருள் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. ஆயினும் வெளிறிய பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டேயிருக்கும் களிம்பு நோயின் அறிகுறி. அதற்கு மருந்து வீட்டுப் புளியன்று. அத்துறை வல்லாரின் கையேயாம்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது இது: முதலில் உலோகம் யாதென அறிக, அதன் மாசு காப்பதோ அழிப்பதோ எனத் தெளிக, மீட்கக்கூடியதை மீட்டும், இயலாதவழிக் கரைத்தும், அதுவும் இயலாதவழியே தேய்த்தும் துலக்குக, துலக்கியபின் ஈரமற உலர்த்துக. இவ்வொழுங்கைக் கைக்கொள்ளின் ஆண்டுக்கு ஐம்பது முறை தேய்க்கும் கலத்தைச் சில முறை தேய்த்தலே போதும். மலைச்சாரலின் மழையும் புகையும் நம் கட்டுக்குள் அடங்கா. ஆயின் நம் கையில் உள்ள துணியும் பொடியும் அடங்கும். அவற்றை அறிவோடு ஆளுவோர் வீட்டில், குடத்தின் கழுத்திற் பொறித்த பெயரை இனிவரும் தலைமுறையினரும் விரலால் தொட்டுப் படிப்பர்.